பழைய வால்வு செட்டுக்கு எந்த மைக் பொருந்தும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கைக்கு ஒரு ஹீத்கிட் எச்டபிள்யூ-101, அதாவது ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசவும் கேட்கவும் பயன்படுத்தும் பழைய வால்வு செட், வந்திருக்கிறது. ரிசீவர் நன்றாகக் கேட்கிறது. வீட்டில் இருந்த, மேடையில் பாடப் பயன்படும் டைனமிக் மைக்குக்கு ஒரு கேபிள் செய்து மாட்டினீர்கள். மைக் ஒலியைப் பெருக்கும் கெய்ன் திருகைக் கடைசி வரை திருப்பியும், குரல் போதிய பலத்தோடு போகிறதா என்று காட்டும் ஏஎல்சி முள் அசையவில்லை. எதிர்முனையில் இருப்பவர், ஏதோ பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்கிறார். ஒரு நண்பர் அஸ்டாடிக் டி-104 வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஷூர் 444 என்கிறார், மூன்றாமவர் இருக்கும் மைக்குக்கே டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்கிறார். எதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் முதலில் செட்டின் சர்க்யூட் படத்தை எடுத்து, மைக் ஜாக்கிலிருந்து முதல் வால்வின் சிக்னல் நுழையும் முனையான கிரிட் வரை விரலை வைத்துப் பின்தொடருங்கள். நாலைந்து பாகங்கள்தான் இருக்கும்: ஒரு சிறிய பைபாஸ் கெபாசிட்டர், ஒருவேளை ஒரு தொடர் ரெசிஸ்டர், கிரிட்டிலிருந்து செட்டின் உலோகச் சட்டமான சாஸிக்கு இறங்கும் ஒரு ரெசிஸ்டர். அந்தக் கடைசி ரெசிஸ்டரின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக் தேர்வில் பாதி அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

வால்வின் கிரிட் மைக்கிடமிருந்து மின்னோட்டம் எதுவும் கேட்பதில்லை. அதற்கு வேண்டியது வோல்டேஜ் மட்டும்தான். அதனால்தான் அந்தக் காலத்து செட்டுகளில் மைக் உள்ளீட்டின் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, பல லட்சம் ஓம் என்ற அளவில் இருக்கிறது. '600 ஓம் மைக்கை ஹை இம்பீடன்ஸ் உள்ளீட்டில் மாட்டினால் மேட்சிங் கெட்டுவிடும், செட் பாழாகும்' என்று சொல்பவர்கள் உண்டு. எதுவும் பாழாகாது. குரலின் தன்மைகூட மாறாது. சத்தம் போதவில்லை, அவ்வளவுதான் நடக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். மேடையில் எங்கும் காணும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக், 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில் ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் தருகிறது. உதட்டருகே வைத்துப் பேசினால் அது சில மில்லிவோல்ட்டாக உயரும். வால்வு செட்டின் முதல் நிலையோ பத்து, இருபது, சில சமயம் ஐம்பது மில்லிவோல்ட் வரும் என்று எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் டிரான்ஸ்ஃபார்மர். 200 ஓமிலிருந்து 50 கிலோ ஓமுக்கு ஏற்றும் ஒன்றை எடுத்தால் இம்பீடன்ஸ் விகிதம் 250. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 16. இரண்டு மில்லிவோல்ட் உள்ளே போனால் முப்பதுக்கு மேல் வெளியே வரும். பேட்டரி வேண்டாம், டிரான்ஸிஸ்டர் வேண்டாம், இரைச்சலும் சேராது.

டிரான்ஸ்ஃபார்மரை மைக் பக்கம் வைக்காதீர்கள், செட்டின் அருகில் வையுங்கள். நீளமான கேபிள் குறைந்த இம்பீடன்ஸ் பக்கத்தில் இருந்தால், மெயின்ஸிலிருந்து வரும் ‘ம்ம்’ என்ற இரைச்சலான ஹம் ஏறாது. அதே நேரம் செட்டின் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டியும் வைக்கக் கூடாது. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அதைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். அந்த நிலையிலேயே பொருத்திவிடுங்கள். உலோகக் கூடு போட்டது என்றால் இன்னும் நல்லது.

இனி டி-104. 1933-இல் வந்த மைக் இது. 2001 வரை தயாரிப்பில் இருந்தது. நீண்ட தண்டின் மேல் வட்டத் தலையோடு நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்தாலே பலருக்குப் பழைய ஹாம் நிலையங்கள் நினைவுக்கு வரும். உள்ளே இருப்பது ராஷெல் உப்புப் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும் பண்பை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த பொருள்களில் இதுவும் ஒன்று. குரலின் அதிர்வு மெல்லிய அலுமினியத் தகட்டை அசைக்க, தகடு படிகத்தை வளைக்க, படிகம் வோல்டேஜ் தருகிறது. அருகில் பேசினால் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் தாராளமாக வரும். மெய்யெழுத்துகள் தெறிப்பாகக் கேட்கும். நெரிசலான பேண்டில் அந்தத் தெறிப்புதான் நம் குரலை எதிர்முனைக்குக் கொண்டு சேர்க்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மைக் இது. அதனால்தான் இதன் குணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மின்சாரக் கண்ணோட்டத்தில் படிக மைக் ஒரு சிறிய கெபாசிட்டர். கெபாசிட்டரும் அதன் பின்னால் வரும் ரெசிஸ்டரும் சேர்ந்தால் தாழ்ந்த சுரங்களை வெட்டும் ஃபில்டர் ஆகிவிடும். படிகத்தின் மதிப்பை 1000 பைகோஃபாரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கிரிட் ரெசிஸ்டர் 5 மெகா ஓம் என்றால் வெட்டும் இடம் 32 ஹெர்ட்ஸ்; குரல் முழுவதும் உள்ளே வரும். 1 மெகா ஓம் என்றால் 159 ஹெர்ட்ஸ். 470 கிலோ ஓம் என்றால் 340-ஐ ஒட்டி. 50 கிலோ ஓம் என்றால் 3180 ஹெர்ட்ஸ். பேச்சின் பெரும்பகுதி வெட்டுக்குக் கீழே போய்விடுகிறது, தகர டப்பாவைத் தட்டியது போன்ற ஓசைதான் மிஞ்சும். கென்வுட் டிஎஸ்-520 போல 50 கிலோ ஓம் உள்ளீடு உள்ள, வால்வும் டிரான்ஸிஸ்டரும் கலந்த செட்டில் வெறும் டி-104 தலையை மாட்டிவிட்டு, 'பேர் பெற்ற மைக் இவ்வளவுதானா' என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். மைக்கில் குறையில்லை, அதற்கு வேண்டிய சுமை அங்கே கிடைக்கவில்லை.

குரலைக் குறுகிய அகலத்தில் அனுப்பும் எஸ்எஸ்பி முறையில் மட்டும் பேசுபவருக்கு 5 மெகா ஓம் கட்டாயமும் இல்லை. உங்கள் எச்டபிள்யூ-101-இன் கிரிஸ்டல் ஃபில்டர் அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஃபில்டரே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓமுக்கு மேல் எதுவாக இருந்தாலும் டி-104 அங்கே ஒழுங்காக வேலை செய்யும். மிகக் குறைவாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு: ரெசிஸ்டரை மாற்றுவது, அல்லது மைக்கின் அடிக்கட்டையில், மைக்குக்குச் சுமையாகாத ஒற்றை டிரான்ஸிஸ்டர் நிலையான ஒரு ஜேஃபெட் பஃபர் வைப்பது. அதன் கேட் முனையில் 10 மெகா ஓம், சோர்ஸ் முனையில் சில கிலோ ஓம், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். பழைய செட்டை வெட்டி ஒட்டாமல் இரண்டாவது வழியில் போவதையே நான் விரும்புவேன்.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. ஷீல்டு கேபிளுக்கு மீட்டருக்கு 100 பைகோஃபாரட் என்று வைத்தால், மூன்று மீட்டருக்கு 300. படிக மைக்கில் இது சத்தத்தை இரண்டரை டெசிபெல்லுக்குள் குறைக்கும், ஆனால் குரலின் நிறத்தை மாற்றாது.

பழைய டி-104 வாங்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ராஷெல் உப்பு நீரில் கரையக்கூடியது. ஈரப்பதம் மிகுந்தால் இளகும். மிகவும் வறண்டால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பொடியும். 55 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் திரும்ப மீளாதபடி அழிந்துவிடும். வெயிலில் மூடிக் கிடந்த காரில் ஒரு பகல் இருந்தாலே போதும். நான் வாங்கிய முதல் டி-104 வெளியே கண்ணாடிபோல் பளபளத்தது, பேசினால் ஓசையே இல்லை. தலையைக் கழற்றினேன். அலுமினியத் தகடு முழுசாக இருந்தது. அதன் பின்னால் தபால் தலை அளவுப் படிகம் இருக்க வேண்டிய இடத்தில், சுவரில் பூத்த உப்புப் பொருக்குபோல் வெள்ளையாய் ஒரு படலம். விரல் பட்டதும் உதிர்ந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய உலோகத்தாள் மட்டும் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, விற்பவரிடம் ஒரே ஒரு சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்கிறேன்: தலையின் இரு முனைகளுக்கிடையே கெபாசிட்டன்ஸ் அளந்து சொல்லுங்கள். நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரத்தை ஒட்டிப் பைகோஃபாரட் காட்டினால் உள்ளே படிகம் இருக்கிறது. சில பைகோஃபாரட்தான் என்றாலோ, ஷார்ட் காட்டினாலோ, நீங்கள் வாங்குவது அழகான ஒரு கூடு. கூட்டுக்கும் மதிப்பு உண்டுதான், செராமிக் அல்லது எலக்ட்ரெட் கேப்ஸ்யூல் வைத்து உயிர் கொடுக்கலாம். ஆனால் படிக மைக்கின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அடிக்கட்டையில் டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் உள்ள டி-104 கிடைத்தால் அதுவும் நல்லதே. வால்வு செட்டுக்கு அந்தக் கெய்ன் தேவையில்லை என்பதை மட்டும் மறக்காமல், கீழே உள்ள கன்ட்ரோலை மிகவும் தாழ்த்தி வையுங்கள். பேட்டரி தீர்ந்தால் மைக் மௌனமாகிவிடும். செட் கெட்டுவிட்டது என்று பயந்து அட்டையைத் திறப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஷூர் 444 வேறு வகை. உள்ளே இருப்பது காந்த எலிமென்ட், ஹை இம்பீடன்ஸ். பேச்சுத் தொடர்புக்கென்றே 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை என்று வரையறுத்துச் செய்தது. கிரிட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓமாக இருந்தாலும் மெகா ஓமாக இருந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சூட்டையும் ஈரத்தையும் படிகத்தைவிட நன்றாகத் தாங்கும். யோசிக்க நேரமில்லை, ஒரே மைக் வாங்கி நிம்மதியாகப் பேச வேண்டும் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய மைக் எதுவானாலும் தலைக்குள் இருக்கும் ஸ்பான்ஜ் பொடிந்து பிசுபிசுத்துப் போயிருக்கலாம். திறந்து சுத்தம் செய்த பின் பேசிப் பாருங்கள். டர்னர், எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனங்களின் ஹை இம்பீடன்ஸ் டைனமிக் மைக்குகளும் வால்வு செட்டோடு நன்றாக ஒத்துப்போகும். சிலவற்றில் ஹை, லோ இரண்டு இம்பீடன்ஸும் உண்டு. வாங்கும்போதே எது எந்தக் கம்பியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய செட்டுகளோடு வரும் கை மைக்கை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது எலக்ட்ரெட். அதற்குச் சில வோல்ட் டிசி வேண்டும். வால்வு செட்டின் ஜாக் அதைத் தராது. ஆனால் தனி எலக்ட்ரெட் கேப்ஸ்யூலை வைத்து நீங்களே செய்தால் அது மிக மலிவான, நல்ல மைக். இரண்டு பென்சில் செல், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், டிசியைத் தடுக்க ஒரு கெபாசிட்டர் போதும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே வால்வின் கிரிட்டை ஓட்டும் அளவுக்கு வோல்டேஜ் வரும். அதன் ஒரே தொல்லை ஆர்எஃப், அதாவது செட் அனுப்பும் ரேடியோ அலை மைக்குக்குள் நுழைவது. கேப்ஸ்யூலின் கால்களிலேயே 1000 பைகோஃபாரட் டிஸ்க் ஒன்றைச் சோல்டர் செய்து, எல்லாவற்றையும் உலோகக் கூட்டுக்குள் வையுங்கள்.

கார்பன் மைக் உங்கள் செட்டுக்கு வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் கால ராணுவ செட்டுகள் டி-17 போன்ற கார்பன் மைக்குக்காகவே அமைந்தவை. அவற்றின் ஜாக்கில் அந்த மைக்குக்கான டிசி வந்துகொண்டே இருக்கும். அங்கே அதுதான் சரி, வேறு எங்கும் இல்லை.

அந்த மைக்கின் பிளக் மட்டும் நம் உலகில் நிலைத்துவிட்டது. டிரேக் டிஆர்-4, காலின்ஸ் கேடபிள்யூஎம்-2 ஆகியவற்றில் இருப்பது பிஜே-068 என்ற மூன்று தொடர்பு பிளக். பார்ப்பதற்கு ஹெட்ஃபோனின் கால் இன்ச் ஸ்டீரியோ பிளக்போல் இருக்கும். ஆனால் விட்டம் 0.206 இன்ச்தான். கால் இன்ச் பிளக்கை அதில் திணிக்க முயன்றால் ஜாக் நாசமாகும். அதில் முனையில் பிடிடி, அதாவது பேசும்போது அழுத்தும் ஸ்விட்ச்சின் கம்பி; வளையத்தில் ஒலி, தண்டில் எர்த். உங்கள் ஹீத்கிட்டில் இருப்பது ஆம்ஃபெனால் இரண்டு பின், திருகு மூடி உள்ளது: ஒரு பின்னில் ஒலி, மற்றதில் பிடிடி, எர்த் வெளிக்கூடு. உங்கள் செட் யாரோ ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து கட்டிய கிட் என்பதை மறக்காதீர்கள். புத்தகத்தில் போட்டபடி பின்கள் இருக்கும் என்று நம்பாமல் மீட்டரால் சரிபாருங்கள்.

பிடிடி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வால்வு செட்டுகளின் பிடிடி கம்பியில் என்ன வோல்டேஜ் நிற்கும் என்பது செட்டுக்கு செட் மாறும். ரிலே காயில் வோல்டேஜ் வரலாம், வால்வை அடக்கி வைக்கும் நெகட்டிவ் பயாஸ் வோல்டேஜும் வரலாம். உலோக ஸ்விட்ச் உள்ள பழைய மைக்குக்கு இதனால் பாதிப்பில்லை. டிரான்ஸிஸ்டரால் பிடிடி செய்யும் மைக்கையோ, கம்ப்யூட்டர் இன்டர்ஃபேஸையோ நேரடியாக மாட்டினால் அது அப்போதே போய்விடக்கூடும். முதலில் பிடிடி பின்னுக்கும் சாஸிக்கும் இடையே வோல்டேஜையும் போலாரிட்டியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வெப்பமாக்கும் டம்மி லோடை மாட்டி, மீட்டரை மின்னோட்ட அளவில், மிக உயர்ந்த ரேஞ்சில் வைத்து அதே இரண்டு புள்ளிகளைத் தொட்டால், ஸ்விட்ச் எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கிறது என்று தெரியும். சந்தேகம் இருந்தால் இடையில் ஒரு சிறிய ரிலே வைத்துவிடுங்கள்.

உலோக மைக்கின் உடல் செட்டின் சாஸியோடு நேரே இணைந்தது, அதை நீங்கள் உதட்டருகே பிடிக்கிறீர்கள். செட்டில் இன்னும் இரண்டு கம்பி மெயின்ஸ் கார்டு இருந்தால், மைக் வாங்கும் முன் மூன்று கம்பியாக மாற்றி சாஸியை எர்த் செய்யுங்கள். மெயின்ஸிலிருந்து சாஸிக்குப் போகும் பழைய பைபாஸ் கெபாசிட்டர்களைப் பாதுகாப்பு வகைக்கு மாற்றுங்கள். மைக்கைத் தொட்டால் சுருக்கென்று குத்துகிறது என்று யாராவது சொன்னால், அந்தச் செட்டை மறுபடி ஆன் செய்யவே கூடாது, சரிசெய்யும் வரை.

டிரான்ஸ்மிட்டில் மட்டும் குரல் கரகரத்து, பவரைக் குறைத்தால் தெளிந்தால், அது மைக் கோளாறு அல்ல, ஆர்எஃப் உள்ளே நுழைகிறது. மெகா ஓம் அளவு உள்ளீடு ஆன்டெனா போலவே வேலை செய்யும். ஜாக்கின் காலிலேயே 100 முதல் 220 பைகோஃபாரட் டிஸ்க் ஒன்று, கிரிட்டை ஒட்டி 47 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஆன்டெனாவுக்குப் போகும் ஃபீட்லைனில், ஆர்எஃபைத் தடுக்கும் சோக் போடுங்கள்.

வேறு ஒரு ஏமாற்றமும் உண்டு. ஐம்பது ஆண்டுப் பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். காகித கெபாசிட்டர் கசிந்தால், முந்தைய நிலையின் பிளேட் வோல்டேஜ் அடுத்த கிரிட்டுக்கு வந்து அதன் பயாஸைக் கெடுக்கும். கேட்பவருக்கு அது கரகரப்பான மைக்போலவே தெரியும். மூன்று மைக் மாற்றியும் குரல் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் நான்காவதை வாங்காதீர்கள். கிரிட்டில் டிசி பாசிட்டிவாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சில ரூபாய்க் கெபாசிட்டரில் முடியும் வேலை அது.

பின்னாளில் ஜான்சன் ரேஞ்சர் மாதிரி ஏஎம் செட் ஒன்று வாங்கினால் கணக்கு சற்று மாறும். அங்கே ஃபில்டர் குரலை இறுக்குவதில்லை. தாழ்ந்த சுரங்களுக்கும் இடம் உண்டு, 5 மெகா ஓம் அர்த்தமுள்ளதாகிறது. மனிதக் குரலின் அலை மேலும் கீழும் ஒரே உயரம் இல்லை என்பதும் அங்கேதான் பயன்படுகிறது. உயரமான முனைகள், குரலைச் சுமந்து செல்லும் அலையான கேரியரைக் கீழ்நோக்கி இழுத்தால் சீக்கிரமே கேரியர் அறுந்து பக்கத்து அலைவரிசையில் சிதறும். மேல்நோக்கித் தள்ளினால் அதே வால்வுகளிலிருந்து கூடுதல் மாடுலேஷன் கிடைக்கும். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்து மைக் எலிமென்ட்டின் இரு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். எஸ்எஸ்பியில் இதனால் பயன் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கும் டைனமிக் மைக்கை வைத்துக்கொள்ளுங்கள். 200 ஓமிலிருந்து 50 கிலோ ஓமுக்கான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, காலால் அழுத்தும் பிடிடி ஸ்விட்ச் ஒன்று, இப்போதைக்கு அவ்வளவே. டம்மி லோடை மாட்டி, பக்கத்தில் வேறு ரிசீவர் வைத்து ஹெட்ஃபோனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஏஎல்சி முள் உச்சத்தில் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் மைக் கெய்னை வையுங்கள். 'ஃபைவ்', 'நைன்' இரண்டையும் பலமுறை மாற்றி மாற்றிச் சொல்லி, பதிவில் கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டும் பிரிந்து கேட்டால் குரல் நன்றாகப் போகிறது. மந்தமாகக் கலந்து கேட்டால், மேடை மைக்கின் தாழ்ந்த சுரங்கள் மிகுதியாக இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மருக்கும் கிரிட்டுக்கும் இடையே தொடராக ஒரு கெபாசிட்டர் வைத்து வெட்டலாம். கிரிட் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்றால் 470 பைகோஃபாரட் வைத்துத் தொடங்குங்கள். வெட்டும் இடம் 340 ஹெர்ட்ஸை ஒட்டி வரும்.

அந்தக் கிரிட் ரெசிஸ்டரின் மதிப்பு, பிடிடி பின்னின் வோல்டேஜ் இரண்டையும் அளந்து எனக்கு எழுதுங்கள். அதற்குப் பிறகு டி-104 பற்றிப் பேசுவோம்.